கலா ஓயாவின் கடைசிக் கிராமங்கள் ஏன் வெள்ள வரைபடத்தில் இல்லை?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்டபோது, புத்தளம் – அநுராதபுரம் வீதியில் கலா ஓயாவின் வெள்ளத்தில் சிக்கிய பேருந்தை நீங்களும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பயணிகள் அருகிலிருந்த ஒரு வீட்டின் கூரையில் ஏறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடற்படையினர் வந்து அவர்களை மீட்டார்கள். அந்தச் செய்தி நிமிடத்துக்கு நிமிடம் பகிரப்பட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவர்களுக்காகப் பிரார்த்தித்தார்கள்.

அதே ஆறுதான் அங்கிருந்து கடலை நோக்கி ஓடி, வில்பத்துக் காட்டின் தென் ஓரத்தை ஒட்டி, இலவன்குளம், கங்கேவாடிய என்று எங்கள் பக்கத்துக்கு வந்து, புத்தளம் களப்பின் வடமுனையில் கடலோடு கலக்கிறது. மகாவலி, மல்வத்து ஓயா இரண்டுக்கும் அடுத்து நாட்டின் மூன்றாவது நீளமான ஆறு இது. சுமார் 148 கிலோமீற்றர். மேலே கலாவெவவும் இராஜாங்கனைக் குளமும் நிரம்பினால், கீழே வண்ணாத்திவில்லு பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிற நாங்கள் எங்கள் மாடுகளைத் தேடத் தொடங்குவோம். மழை எங்கள் தலைக்கு மேல் பெய்திருக்க வேண்டும் என்பதில்லை.

அன்று இரவு இலவன்குளம் பக்கத்தில் இருக்கிற என் மாமியிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. “மகன், சப்பாத்துப் பாலத்துக்கு மேலால தண்ணி போகுதாம். இங்க கரண்ட் இல்ல. போன்ல சார்ஜும் கொஞ்சம்தான் இரிக்கி.” அவ்வளவுதான். நான் திருப்பி அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றைச் சரி அடையாளம் மட்டுமே விழுந்தது. இரண்டு நாட்கள் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகநூலில் ஊரின் பெயரைப் போட்டுத் தேடினேன். பேருந்துக் காணொளிதான் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றுமே இல்லை.

அந்த இரண்டு நாட்களில் எனக்குள் விழுந்த கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன். வெள்ளத்தைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் இன்று மக்களின் சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டி வரைபடம் போடுகிறார்கள். அப்படி ஒரு வரைபடம் அன்றிரவு போடப்பட்டிருந்தால், அதில் என் மாமியின் வீடு காய்ந்த நிலமாகத்தான் இருந்திருக்கும்.

இந்த முறையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது தோன்றியதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆற்றில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் சில இடங்களில்தான் உண்டு. செய்மதி சில நாட்களுக்கு ஒருமுறைதான் ஓர் இடத்துக்கு மேலே வருகிறது. சாதாரணப் படம் எடுக்கும் செய்மதிக்கு முகில் தடை. ரேடார் செய்மதி முகிலைத் துளைத்துப் பார்க்கும். ஆனால் நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே தெருவில் நிற்கும் தண்ணீரைப் பிரித்தறியத் தடுமாறும். நகரத்து வெள்ளமோ சில மணித்தியாலங்களில் வந்து வடிந்துவிடும். தெருவில் நிற்கிற மனிதனோ ஒரு படம் எடுத்துப் போடுகிறான். அந்தப் படத்தில் மோட்டார் சைக்கிளின் சில்லு எதுவரை மூழ்கியிருக்கிறது, மனிதருக்கு முழங்காலா இடுப்பா என்று பார்த்தாலே தண்ணீரின் ஆழத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். ஆயிரம் பேர் அப்படிப் போட்டால் ஆயிரம் அளவுகோல்கள்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டிய நகரம் ஜகார்த்தா. 2014 டிசம்பரில், அவுஸ்திரேலியாவின் வொலங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜகார்த்தாவின் அனர்த்த முகாமைத்துவ நிறுவனத்தோடு சேர்ந்து ‘பெத்தா ஜகார்த்தா’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். யாராவது டுவிட்டரில் ‘பஞ்சிர்’ (இந்தோனேசிய மொழியில் வெள்ளம்) என்று எழுதினால், கணினி தானாகவே பதில் அனுப்பும்: உங்களிடத்தில் வெள்ளமா, இடத்தைக் குறித்து அனுப்புங்கள் என்று. அவர் உறுதிசெய்தால் அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. சும்மா பேச்சை ஒட்டுக்கேட்டு அள்ளிக்கொண்டு போகாமல், திரும்பிக் கேட்டார்கள்.

மறு ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியது. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட நீரோடு அடையாறு கரை புரண்டபோது, அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞரும் அவரது நண்பர்களும் திறந்த தெரு வரைபடத்தில் ஒரு பக்கத்தை உருவாக்கினார்கள். தன் தெருவைத் தொட்டால் அது வெள்ளத்தில் இருப்பதாக நிறம் மாறும். 2018 ஓகஸ்டில் கேரளத்தில் தன்னார்வ மென்பொருளாளர்கள் அரசோடு சேர்ந்து மீட்புக் கோரிக்கைகளுக்கென ஓர் இணையத்தளத்தை நடத்தினார்கள். அங்கே ஒரு சிக்கல் வந்தது. மீட்கப்பட்டவர்களின் கோரிக்கையே மீண்டும் மீண்டும் பகிரப்பட்டு, படகுகள் ஆளில்லாத வீடுகளைத் தேடிப் போயின. கேரளத்தில் பல்லாயிரம் பேரைக் காப்பாற்றியது அறுநூறுக்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகளில் வந்த மீனவர்கள். அவர்களில் பலருக்கு அந்த இணையத்தளம் இருப்பதே தெரிந்திருக்காது. எங்கள் கரையில் கங்கேவாடியவிலும் சேராக்குளியிலும் கரைத்தீவிலும் இருக்கிற படகுக்காரர்களை நினைத்துக்கொண்டேன்.

சரி, எங்கே பிழைக்கிறது? 2012 ஒக்டோபரில் சாண்டி சூறாவளி நியூயோர்க்கைத் தாக்கியபோது ஐந்தாறு நாட்களுக்குள் இரண்டு கோடிக்கும் அதிகமான டுவிட்டர் பதிவுகள் வந்தன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி மன்ஹாட்டனிலிருந்து வந்தது. உண்மையில் கூடுதலாக அடிபட்ட றொக்கவே, கோனி ஐலண்ட், பிறீசி பொயின்ற் போன்ற கரையோரப் பகுதிகளிலிருந்து வந்தவை சொற்பம். மன்ஹாட்டனில் கைபேசியும் கூடுதல், ஆட்களும் கூடுதல். அடிபட்ட இடத்தில் மின்சாரம் போய், கைபேசி செத்து, கோபுரமும் விழுந்துவிட்டது. ஆய்வாளர் கேட் குரோபோர்ட் 2013இல் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். இந்தப் பதிவுகளை மட்டும் பார்த்த ஒருவர் அனர்த்தத்தின் மையம் மன்ஹாட்டன் என்றே முடிவுகட்டியிருப்பார்.

நியூயோர்க்கில் ஒரே நகரத்துக்குள் இப்படியென்றால், கொழும்புக்கும் வண்ணாத்திவில்லுக்கும் இடையில் எப்படி இருக்கும்? டித்வா நாட்களில் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவவிலிருந்தும் வெல்லம்பிட்டியிலிருந்தும் வந்த படங்களுக்குக் கணக்கில்லை. அது நியாயமானது, அங்கே சனம் தத்தளித்தது. மலையகத்தில் மண்ணோடு புதைந்த தோட்டக் குடியிருப்புகளின் கதை பல இடங்களில் நாட்கணக்கில் பிந்தித்தான் வெளியே வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்கள் அதிகமாக இருந்த இடமும் பதிவுகள் அதிகமாக வந்த இடமும் ஒன்றாக இருக்கவில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதன் பெயர். தமிழில் வண்ணாத்திவில்லு என்பார்கள், வனாத்தவில்லு என்பார்கள். சிங்களத்தில் வனாத்தவில்லுவ. ஆங்கில எழுத்தில் வி போட்டும் டபிள்யூ போட்டும், கடைசியில் ‘வ’ வைத்தும் வைக்காமலும் எழுதுகிறார்கள். இலவன்குளம் சிங்களத்தில் எலுவன்குளம. பதிவில் உள்ள ஊர்ப்பெயரைப் பொறுக்கி வரைபடத்தில் குத்துகிற கணினிக்கு இவையெல்லாம் ஒரே இடம் என்று யார் சொல்லிக் கொடுத்தது? இதற்கு மேல், எங்கள் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். மாமியைப் போன்றவர்கள் தட்டுவதே இல்லை, பேசி அனுப்புகிறார்கள். “சப்பாத்துப் பாலத்துக்கு மேலால தண்ணி” என்ற அந்தக் குரல்பதிவு எந்த நீரியல் அறிக்கைக்கும் ஈடான தகவல். ஆனால் அதில் ‘வெள்ளம்’ என்ற சொல்லே இல்லை. எத்தனை குறிச்சொல் போட்டுத் தேடினாலும் அது அகப்படாது.

அது வட்ஸ்அப்பில் இருக்கிறது என்பதும் ஒரு விடயம். இலங்கையில் டுவிட்டரில் இருப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். சனம் இருப்பது முகநூலிலும் வட்ஸ்அப்பிலும். உலகத்து வெள்ள ஆய்வுகளில் கணிசமானவை டுவிட்டரை வைத்துச் செய்யப்பட்டவை, ஏனென்றால் அதன் பதிவுகளை இலவசமாக அள்ள முடிந்தது. 2023 தொடக்கத்தில் அந்தக் கதவும் மூடப்பட்டுக் காசுக்கு விற்கப்பட்டது. முகநூலின் பகிரங்கப் பதிவுகளை ஆய்வாளர்கள் பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஓகஸ்டில் நிறுத்திவிட்டது. ஆக, ‘மக்களின் தரவு’ என்று நாம் சொல்வது மக்களிடம் இல்லை. சில கம்பனிகளின் பெட்டகத்தில் இருக்கிறது. அவர்கள் சாவியைத் தந்தால்தான் எங்கள் வெள்ளத்தை எங்களுக்கே காட்ட முடியும்.

இவை எல்லாம் தொழில்நுட்பச் சிக்கல்கள். ஆள் வைத்து, காசு வைத்து ஒருநாள் தீர்க்கலாம். தீர்க்கக் கடினமானது பயம்.

வெள்ள ஆய்வாளர் ஒருவர் எங்களிடம் வந்து, ‘நீங்கள் நிற்கிற இடத்தைக் குறித்து, படம் எடுத்து, எல்லோரும் பார்க்கப் பகிரங்கமாகப் போடுங்கள்’ என்று சொன்னால் நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்று அவருக்கு விளங்காது. இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்கு விளங்கும். வன்னியில் இறுதி மாதங்களில் வைத்தியசாலைகளின் அமைவிடங்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. அவை எங்கே இருந்தன என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும், வன்னியின் எல்லா வைத்தியசாலைகளும் எறிகணைக்கு இலக்காகின என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. இடத்தைக் குறித்துக் கொடுத்தால் காப்பாற்றப்படுவோம் என்ற நம்பிக்கை அங்கே எப்படிச் செத்தது என்று அங்கிருந்தவர்களைக் கேட்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கு வேறொரு பாடம் இருக்கிறது. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குச் சில வாரங்களின் பின், சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில். அது மிரட்டல் என்று வாசிக்கப்பட்டது. சிலாபத்தில் கடைகளுக்குக் கல் விழுந்தது. எழுதியவர் கைதானார். வன்முறை வடமேல் மாகாணம் முழுக்கப் பரவி, அடுத்த நாள் கொட்டாரமுல்லையில் ஒருவர் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். மறு ஆண்டு, புத்தளத்தில் ஆசிரியராக இருந்த மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழ்க் கவிதை நூல் ஒன்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இதைக் கண்ணால் பார்த்த ஓர் ஊர், தண்ணீர் வந்தாலும் பகிரங்கமாக எழுத யோசிக்கும்.

இன்னும் ஒன்று. வண்ணாத்திவில்லு என்று தேடிப் பாருங்கள். முதலில் வருவது 2019 ஜனவரியில் ஒரு தென்னந்தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட வெடிபொருட்கள். அடுத்தது அருவக்காட்டுக்கு வருகிற கொழும்புக் குப்பை. இணையத்தில் எங்கள் ஊர் இவை இரண்டும்தான். களப்பும் கண்டற்காடும் முந்திரியும் அதில் இல்லை. அப்படிப்பட்ட பெயரைத் தன் பதிவில் இணைத்துக்கொள்ள எந்தப் பிள்ளை விரும்பும்?

டித்வாவின்போது அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சமூக ஊடகங்களில் ஜனாதிபதிக்கும் அமைச்சர்களுக்கும் எதிராக அவதூறு பரப்புவோர்மீது அந்தச் சட்டத்தைப் பாவிக்கப்போவதாகப் பிரதி அமைச்சர் ஒருவர் பேசியதும் செய்திகளில் வந்தது. 2024 முதல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு இருக்கிறது. ‘எங்கள் ஊருக்கு எந்த அதிகாரியும் வரவில்லை’ என்று எழுதினால் அது தரவா, அவதூறா? வெள்ள ஆய்வாளருக்கு அது மிக முக்கியமான தரவு. எழுதுகிறவர் வேறு கணக்குப் போடுகிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் இந்தத் தரவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். கட்டாயம் வேண்டும். ஏனென்றால் அரசின் கணக்கில் நாங்கள் எப்படிக் காணாமற் போவோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

2009 தொடக்கத்தில் வன்னிக்குள் சுமார் 70,000 பேரே இருப்பதாக அரசு சொன்னது. அங்கே கடமையில் இருந்த அரச அதிகாரிகளே லட்சக்கணக்கானோர் இருப்பதாக அறிவித்தார்கள். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 290,000. எண்ணிக்கையைக் குறைத்தது உணவையும் மருந்தையும் குறைப்பதற்கு வசதியாயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து ஒதுங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில். என் குடும்பம் சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து வந்தது. முப்பத்தைந்து வருடமாயிற்று. இன்றும் எங்களில் பலர் ஒரு காலை மன்னாரிலும் ஒரு காலைப் புத்தளத்திலும் வைத்திருக்கிறோம். வாக்கு ஓரிடம், வாழ்வு ஓரிடம். வெள்ள நிவாரணப் பட்டியல் கிராம சேவகரின் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. பதிவு அங்கே, தண்ணீர் இங்கே என்றால் பெயர் எந்தப் பட்டியலில் வரும்? என் மாமியின் பக்கத்து வீட்டில் இதே கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. திகதியும் இடமும் உள்ள ஒரு படம், முற்றத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற அவர்களுடைய படம், அந்த இடத்தில் பதிவேட்டைவிடக் கூடுதலாகப் பேசும்.

ஆகவே எனக்குத் தரவின்மீது சண்டை இல்லை. யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள், கிடைத்ததை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் சண்டை.

நாடு இதில் ஒன்றும் தெரியாத நாடும் இல்லை. 2004 கடற்கோளின் பின் இலங்கை மென்பொருளாளர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் ஹெயிற்றியிலும் பயன்பட்டது. மட்டக்களப்பில் மண்முனை வடக்குப் பிரிவில், 2013ஐ ஒட்டி, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் உள்ளூர் ஆட்களைப் பயிற்றி 30,000க்கும் அதிகமான கட்டடங்களைத் திறந்த தெரு வரைபடத்தில் ஏற்றின. மாடி எத்தனை, சுவர் என்ன, கூரை என்ன என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினார்கள். அது முகநூலை அள்ளுவது போன்ற வேலை அன்று, மெதுவான வேலை. ஆனால் வெள்ளம் வருமுன்னரே வீடு வரைபடத்தில் இருக்கும். ஒரு வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை என்றால் கூட, அங்கே ஒரு வீடு இருக்கிறது, சத்தம் வரவில்லை என்று தெரியும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வழக்கமாகப் பேசுகிற ஓர் ஊர் திடீரென்று அடங்கினால் அதையே அபாயக் குறியாக எடுக்க வேண்டும். அதற்கு அந்த ஊர் சாதாரண நாளில் எவ்வளவு பேசும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரை யாரும் சாதாரண நாளில் கேட்டதில்லை.

கலா ஓயாவுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. எங்களுக்கு வருகிற தண்ணீர் மேலே இராஜாங்கனையின் வான்கதவைத் தாண்டித்தான் வருகிறது. எத்தனை கதவு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்பது நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் எழுத்தில் இருக்கிறது. கீழே தண்ணீர் எப்போது, எதுவரை வந்தது என்பது எங்கள் கைபேசிகளில் இருக்கிறது. இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், அடுத்த முறை இத்தனை கதவு திறந்தால் இத்தனை மணித்தியாலத்தில் இந்த வேலிவரை வரும் என்று சொல்ல முடியும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்பதைத் தனியாக எழுதத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். டித்வாவில் தமிழ் எச்சரிக்கைகள் பிந்தியதையும் வராமலே போனதையும் பார்த்த பிறகு எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் மாமியின் பக்கம் போக முடிந்தது. அவர் வீட்டுக்குள்ளிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். கைபேசி நனைந்து செத்துப் போயிருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் மண்ணிறக் கோடாகத் தெரிந்தது. கழுவுவதற்கு முன் அதை அளந்தோம். என் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே. அடுப்புக்கரியால் அந்தக் கோட்டின்மேல் இன்னொரு கோடு போட்டுத் திகதியையும் எழுதினேன்.

“இத ஏன் மகன் எழுதுறீங்க? வெள்ளையடிச்சா போயிரும்,” என்றார்.

அந்த மூலையில் மட்டும் வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஒழுங்கையில் பதினொரு வீடுகளில் அப்படிக் கோடு போட்டுப் படம் எடுத்தோம். முகம் எதிலும் இல்லை. பெயர்கள் தனியாக ஒரு கொப்பியில் இருக்கின்றன. கொப்பி மாமியின் அலுமாரியில் இருக்கிறது. பன்னிரண்டாவது வீட்டில் கோடு போடச் சுவர் இருக்கவில்லை.